பெயர் தெரிந்த குச்சி: பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஒரு கொல்லையும் இரண்டு எரிபொருள் பயிர்களும்

தர்மபுரி மாவட்டம் பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்தில், சேர்வராயன் மலை வடக்கே சரிந்து இறங்கும் அடிவாரத்தில் என் பெரியப்பாவுக்கு இரண்டரை ஏக்கர் நிலம் இருக்கிறது. ஒரு ஏக்கருக்குக் கிணற்றுப் பாய்ச்சல். மீதி ஒன்றரை ஏக்கர் கல்லும் சரளையுமான மேட்டுக்கொல்லை. மழை பெய்தால் சாமை, கொள்ளு. பெய்யாவிட்டால் ஆடு மேய்ச்சல்.

2006 முதல் இன்றுவரை இந்த நிலத்தில் இரண்டு செடிகளை எரிபொருள் பயிர் என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒன்று காட்டாமணக்கு. அது வந்து நான்கே ஆண்டில் வேரோடு போனது. இன்னொன்று குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி. தாத்தா காலத்திலிருந்தே எங்கள் கொல்லையில் இருக்கும் பயிர் அது. அதிலிருந்து பெட்ரோலில் கலக்கும் எத்தனால் எடுக்கலாம் என்ற பேச்சுதான் புதிது. முதல் செடி நட்டபோது நான் பள்ளிக்கூடப் பையன். இரண்டாவது செடியில் வேலை தொடங்கும்போது கோவையில் உயிர்த்தொழில்நுட்பம் படித்து முடித்து, ஒரு திசு வளர்ப்பு ஆய்வகத்தில் மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருந்தேன்.

எரிபொருள் பயிர் என்றதும் மரபணு மாற்றம், அதிசய விதை என்றுதான் பேச்சு போகிறது. பெரியப்பா கொல்லையில் எல்லாவற்றையும் தீர்மானித்தது அதைவிட எளிய ஒரு கேள்வி. நடப்போகிற இந்தச் செடி எது, எந்தத் தாயிலிருந்து வந்தது, அதற்குள் என்ன நோய் இருக்கிறது என்று யாருக்காவது தெரியுமா? முதல் முறை யாருக்கும் தெரியவில்லை. இரண்டாம் முறை தெரிந்துகொண்டு நட்டோம்.

வேலியிலிருந்து கொல்லைக்கு வந்த செடி

எங்கள் ஊரில் காட்டாமணக்கு வேலிச் செடி. காம்பை ஒடித்தால் வழியும் பாலை வளையமாகப் பிடித்து ஊதினால் குமிழி பறக்கும். நாங்கள் எல்லோரும் அப்படி விளையாடியவர்கள்தான். ஆடு வாய் வைக்காது, மாடு வாய் வைக்காது, தண்ணீர் கேட்காது. (ஏரிக்கரையில் ஊதாப் பூ பூக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கு வேறு செடி. அதற்கும் இதற்கும் உறவில்லை.)

2003 ஏப்ரலில் மத்தியத் திட்டக்குழு உயிரி எரிபொருள் பற்றி ஓர் அறிக்கை தந்தது. தரிசு நிலங்களில் காட்டாமணக்கு வளர்த்து, 2011-12க்குள் டீசலில் 20 விழுக்காடு அந்த எண்ணெயைக் கலப்பது என்பது அதன் கணக்கு. அந்தக் கணக்கு கிராமங்களுக்கு வந்து சேர்ந்தபோது அது ஒரு தனியார் நிறுவனத்து ஆளின் பேச்சாக இருந்தது. "தண்ணி வேண்டாம், உரம் வேண்டாம், மூணாம் வருஷம் காய்ப்பு, அப்புறம் முப்பது வருஷத்துக்குக் கவலை இல்லை. கொட்டையை நாங்களே எடுத்துக்கிறோம்." பெரியப்பா மேட்டுக்கொல்லை முழுவதும் இரண்டு மீட்டருக்கு ஒன்றாக, சுமார் ஆயிரத்து ஐநூறு கன்று வைத்தார். சாமை போனது, கொள்ளு போனது, கூடவே மாட்டுக்கான தட்டும் போனது. அந்த வருடம் பெரியம்மா இரண்டு மாட்டில் ஒன்றை விற்றார்.

செடி வளர்ந்தது, அதில் குறையில்லை. காய்ப்புதான் மரத்துக்கு மரம் வேறாக இருந்தது. ஒன்று குலுங்கக் காய்க்கும், பக்கத்தில் இருப்பது இலையாக நிற்கும். காய்த்த குலையிலும் ஒரு காய் பச்சை, ஒன்று மஞ்சள், ஒன்று காய்ந்து கறுத்து வெடிக்கத் தயாராக இருக்கும். ஒரே குலைக்கு நான்கு முறை போக வேண்டும். பெரியம்மா நாளெல்லாம் பறித்தால் அரை மூட்டை தேறும். மூன்றாம் வருடம் மொத்தமாகக் கிடைத்தது மூன்று மூட்டைக் கொட்டை, ஏறக்குறைய 150 கிலோ. வாங்குகிறேன் என்றவர் வரவில்லை. 2010 கோடையில் பொக்லைன் வைத்துப் பிடுங்கி எறிந்தார்கள். பொக்லைன் வாடகைக்கும் கடன்தான்.

பெரியப்பாவின் பராமரிப்பில் குறை என்று அப்போது சிலர் சொன்னார்கள். படித்த பிறகு எனக்குப் புரிந்தது வேறு. காட்டாமணக்கு அன்றைக்கு ஒரு பயிரே அல்ல, காட்டுச்செடி. நெல்லையும் ராகியையும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதன் பொறுக்கிப் பொறுக்கி விதைத்ததால்தான் அவை ஒன்றுபோல் முளைத்து, ஒன்றாகப் பழுத்து, உதிராமல் காத்திருக்கின்றன. காட்டாமணக்குக்கு அந்தப் பொறுக்குதல் நடக்கவே இல்லை. மெக்சிகோ, நடு அமெரிக்கப் பகுதியில் பிறந்த செடி அது. போர்ச்சுகீசியர் கப்பல்கள் வழியாக ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் வந்தது. வந்தது கொஞ்சம் விதைதான், அதனால் இந்தியாவில் உள்ள செடிகளுக்குள் மரபு வேறுபாடு மிகக் குறைவு. பொறுக்கி எடுக்கவே சரக்கு போதாது. அடுத்தது பூ. ஒரு கொத்தில் ஒரு பெண் பூவுக்கு இருபது முப்பது ஆண் பூக்கள். காயாவது பெண் பூ மட்டும். கொட்டையில் மூன்றில் ஒரு பங்கு எண்ணெய் இருக்கிறது என்பது உண்மைதான், ஆனால் கொட்டையே இல்லாதபோது அந்தப் பங்கை வைத்து என்ன செய்வது? மிஞ்சும் புண்ணாக்கையும் மாட்டுக்கு வைக்க முடியாது. அதில் ஃபோர்பால் எஸ்டர் என்ற நஞ்சு இருக்கிறது.

இந்த ஒவ்வொன்றுக்கும் ஆய்வகங்களில் வேலை நடந்தது, ஆனால் பெரும்பாலும் நடவுக்குப் பிறகு. ஜப்பானின் கசூசா டிஎன்ஏ ஆய்வு நிறுவனம் காட்டாமணக்கின் மரபணுத் தொகுப்பின் முதல் வரைவை வெளியிட்டது 2010 இறுதியில். பெரியப்பா செடியைப் பிடுங்கி முடித்து ஆறு மாதம் ஆகியிருந்தது. சைட்டோகைனின் வகை ஊக்கியைப் பூமொட்டில் தெளித்தால் பெண் பூக்கள் பெருகுகின்றன என்று சீன ஆய்வாளர்கள் காட்டினார்கள். எண்ணெயின் தரத்துக்காக 2012இல் சிங்கப்பூரில் ஒரு மரபணுவை அடக்கி, எண்ணெயில் ஒலியிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தின் பங்கை 78 விழுக்காட்டுக்கு மேல் கொண்டுபோனார்கள். மெக்சிகோவில் நஞ்சில்லாத வகை இருக்கிறது, அங்கே வறுத்தே தின்கிறார்கள். அதை இங்குள்ளவற்றோடு கலக்கலாம். எல்லாமே நல்ல வேலை. 2003இல் இது தொடங்கி, நடவு 2015இல் வந்திருந்தால் பெரியப்பாவுக்கு வேறு செடி கிடைத்திருக்கும்.

இதற்கு ஒத்த ஒரு கதை வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது என்பதுதான் எனக்கு வருத்தம். ஆமணக்கும் இதே குடும்பம்தான். அதிலும் ஆண் பூ, பெண் பூ என்ற சிக்கல் உண்டு. பெண் பூ மட்டுமே பூக்கும் தாய்ச்செடிகளைக் கண்டுபிடித்து, அவற்றைக் கொண்டு 1960களின் இறுதியில் குஜராத்தில் வீரிய ஒட்டு ஆமணக்கு கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகுதான் ஆமணக்கு பெரிய பயிரானது. சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து அது அதிக தூரமில்லை. முதலில் தாய்ச்செடி, பிறகு நடவு என்ற வரிசை நமக்குப் பழக்கமானதுதான். காட்டாமணக்குக்கு மட்டும் அதைத் தலைகீழாக்கினோம்.

குச்சிக்கிழங்கும் தேமலும்

காட்டாமணக்குக் கடனை அடைத்தது கிணற்றுப் பாய்ச்சல் ஏக்கரில் போட்ட குச்சிக்கிழங்கு. எங்கள் பக்கம் அது சமையலுக்கு வளர்ப்பதல்ல. லோடு ஏற்றி, ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்லுக்குப் போகும். மில்லில் விலை எடைக்கு மட்டும் கிடையாது, பாயிண்ட்டுக்கு. கிழங்கில் நூற்றுக்கு எத்தனை பங்கு மாவு என்பதுதான் பாயிண்ட். மாதிரிக் கிழங்கைத் தண்ணீருக்குள் நிறுத்து அதைக் கணக்கிடுவார்கள். ஒரு பாயிண்ட் இறங்கினால் லோடு முழுவதும் விலை இறங்கும். ஆகவே மாவுச்சத்து என்றால் என்ன என்று எங்கள் ஊரில் எந்த விவசாயிக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எத்தனாலும் அந்த மாவிலிருந்துதான் வருகிறது.

நான் 2018இல் ஊருக்கு வந்தபோது பெரியப்பாவின் கிழங்கில் பாதிக்கு மேல் தேமல். இலை மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாகி, ஒரு பக்கம் கோணிச் சுருங்கிக் கிடந்தது. "மண்ணு சக்தி போயிடுச்சுப்பா" என்றார். மண்ணில் கோளாறு இல்லை. தேமல் ஒரு நச்சுயிரி நோய். தென்னிந்தியாவில் இதற்கு இரண்டு நச்சுயிரிகள் காரணம், இந்திய மரவள்ளித் தேமல் நச்சுயிரி, இலங்கை மரவள்ளித் தேமல் நச்சுயிரி. தமிழ்நாட்டில் இரண்டாவதுதான் அதிகம். வெள்ளை ஈ செடியிலிருந்து செடிக்குக் கொண்டுபோகும். அதைவிடப் பெரிய வழி நம் கைதான். மரவள்ளியை விதையிலிருந்து யாரும் வளர்ப்பதில்லை, போன வருடத்துத் தண்டை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டிக் குச்சியாக நடுகிறோம். தாயில் நோய் இருந்தால் ஒவ்வொரு குச்சியிலும் நோய் இருக்கும். பெரியப்பா பத்துப் பன்னிரண்டு வருடமாக முள்ளுவாடி என்ற ரகத்தின் ஒரே குச்சியைத் திருப்பித் திருப்பி நட்டு வந்தார். ஒவ்வொரு வருடமும் நோயையும் சேர்த்து நட்டிருக்கிறார். அவர் மட்டுமல்ல, ஊரே அப்படித்தான். குச்சியை யாரும் விலைக்கு விற்பதில்லை, கேட்டால் கொடுப்பார்கள். அந்த நல்ல வழக்கத்தோடு நோயும் வீடு வீடாகப் போனது.

குச்சியோடு வரும் நோய் வெள்ளை ஈ கொண்டுவரும் நோயைவிட அதிகம் கெடுக்கும். முளைக்கும்போதே செடிக்குள் நச்சுயிரி இருப்பதால் முதல் மூன்று மாத வளர்ச்சி அடிபடுகிறது. கிழங்கு கட்டத் தொடங்கும் நேரமும் அதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காட்டாமணக்கும் மரவள்ளியும் ஒரே குடும்பம். கர்நாடகத்தின் தார்வாட்டில் காட்டாமணக்கில் வந்த தேமலை ஆராய்ந்தபோது, அது இந்திய மரவள்ளித் தேமல் நச்சுயிரியின் ஒரு வகை என்று கண்டார்கள். எங்கள் வேலியில் மிஞ்சியிருந்த சில காட்டாமணக்குச் செடிகளிலும் மஞ்சள் திட்டு இருந்தது. அதை நான் சோதனைக்கு அனுப்பவில்லை, அதனால் எதுவும் உறுதியாகச் சொல்லமாட்டேன். வெட்டிவிடச் சொன்னேன், வெட்டிவிட்டார்.

அரை மில்லிமீட்டர்

நோயுள்ள செடியிலிருந்தே நோயில்லாத செடியை எடுக்கலாம் என்பதைப் பெரியப்பா முதலில் நம்பவில்லை. செடியின் உச்சியில், கொழுந்துக்குள்ளே மறைந்திருக்கும் வளர்நுனியில் செல்கள் வேகமாகப் பிரிந்துகொண்டே இருக்கும். சாறு கடத்தும் நாளங்கள் அங்கே இன்னும் உருவாகியிருக்காது. நச்சுயிரி நாளத்தின் வழியாகப் பயணம் செய்வது, அதனால் அந்த நுனியைப் பெரும்பாலும் எட்டிப் பிடிப்பதில்லை. அந்த நுனியை நுண்ணோக்கியின் கீழ் அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக வெட்டி, சத்துக் கூழில் வைத்து வளர்த்தால் முழுச் செடி வரும். தாய்ச்செடியை முன்கூட்டியே 36, 38 பாகை வெப்பத்தில் சில வாரம் வைத்தால் வாய்ப்பு இன்னும் கூடும். கூழுக்கான சூத்திரம் 1962இல் முராஷிகேயும் ஸ்கூகும் தந்தது. இன்றும் ஆய்வகங்களில் அதைத்தான் கரைக்கிறோம்.

இதில் கை நடுங்காமல் வெட்டுவது பாதி வேலை. சோதிப்பது மறுபாதி. கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும் செடியிலும் நச்சுயிரி ஒளிந்திருக்கலாம். ஒவ்வொரு செடியின் இலையையும் பிசிஆர் சோதனைக்கு உட்படுத்தி, நச்சுயிரியின் மரபணுத் துண்டு இல்லை என்று உறுதி செய்த பிறகே வெளியே விட வேண்டும். இந்தச் சோதனையைச் சோம்பலில் விட்டுவிட்டு, திசு வளர்ப்புக் கன்று என்ற பெயரை மட்டும் ஒட்டி விற்பது விவசாயிக்குச் செய்யும் துரோகம் என்றே நினைக்கிறேன்.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் சொல்லி, பெரியப்பாவின் முள்ளுவாடியிலிருந்தே சோதித்த செடிகளை எடுத்தேன். புது ரகம் தேடாததற்குக் காரணம் உண்டு. வியாபாரி முள்ளுவாடி என்றால் கேள்வி கேட்காமல் எடுப்பார். விவசாயிக்குத் தெரிந்த ரகத்திலிருந்து நோயை மட்டும் கழற்றித் தந்தால் அவர் வேறு எதையும் மாற்றிக்கொள்ள வேண்டாம்.

அடுத்த சிக்கல் எண்ணிக்கை. மூன்றடிக்கு மூன்றடி நட்டால் ஏக்கருக்கு ஏறக்குறைய ஐயாயிரம் குச்சி வேண்டும். வழக்கமாக ஒரு செடி பத்துக் குச்சிதான் தரும். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் உள்ள மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. இரண்டு கணு மட்டும் உள்ள சிறு துண்டாக வெட்டி, நிழல்வலையின் கீழ் முளைக்க வைத்து, பிறகு நடுவது. அப்படிச் செய்தால் ஒரு செடி அறுபதாகும். பத்துப் பத்தாகப் பெருக்கியிருந்தால் நான்கு வருடம் காத்திருக்க வேண்டும், இதில் இரண்டு பருவம் போதும். நாற்றங்காலில் தேமல் காட்டிய துண்டை அன்றன்றே பிடுங்கினோம். ஒவ்வொன்றையும் பிடுங்கும்போது பெரியம்மாவுக்கு முகம் வாடும்.

வயலில் வைத்தபோது ஓர் ஒழுங்கு செய்தேன். அதே கொல்லை, அதே நாள், நடுவில் ஆறு வரிசை மட்டும் பெரியப்பாவின் பழைய குச்சி. அந்த வருடம்தான் மானியத்தில் சொட்டுநீரும் போட்டிருந்தார். விளைச்சல் கூடினால் அது குச்சியாலா, தண்ணீராலா என்று பிரித்துப் பார்க்க அந்த ஆறு வரிசை வேண்டியிருந்தது.

பத்தாம் மாதம் பிடுங்கினோம். முன்பு ஏக்கருக்கு ஏழு டன் எடுத்த இடத்தில் பதினொரு டன். ஊரே புதுக் குச்சியின் மகிமை என்று பேசியது. ஆறு வரிசையைத் தனியே நிறுத்தேன். பழைய குச்சி செடிக்குச் சராசரி 1.6 கிலோ, புதுக் குச்சி 2.3 கிலோ. பழைய குச்சியே போட்டிருந்தாலும் சொட்டுநீரிலும் நல்ல மழையிலும் எட்டு டன் வந்திருக்கும். ஆக, கூடிய நான்கு டன்னில் ஏறக்குறைய ஒன்று தண்ணீருக்கு, மூன்று சுத்தமான குச்சிக்கு. பாயிண்ட் பழையதில் இருபத்து நான்கரை, புதியதில் இருபத்தாறு. ஒரு கொல்லை, ஒரு வருடம், அவ்வளவுதான் என் சான்று. வேறு மண்ணில் வேறு எண் வரும்.

இரண்டாம் வருடப் பாடம்

இத்தோடு நிறுத்தினால் பொய்யாகிவிடும். முதல் வருடம் ஐந்தாம் மாதத்திலேயே ஓரத்துச் செடிகளில் தேமல் தலைகாட்டியது. சுற்றிலும் நோயுள்ள கொல்லைகள், நடுவில் ஒரு சுத்தமான கொல்லை. வெள்ளை ஈக்கு வரப்பு தெரியாது. நோய் வந்த செடிகளில் சிவப்புத் துணி கட்டி, அவற்றிலிருந்து குச்சி எடுக்கக் கூடாது என்று வைத்தோம். அப்படியும் மூன்றாம் பருவத்தில் கணிசமான செடிகளில் நோய் வந்துவிட்டது. வளர்நுனி வளர்ப்பு நோயை நீக்குகிறது. எதிர்ப்பைத் தருவதில்லை. இந்த வேறுபாட்டை நான் முதலிலேயே பெரியப்பாவிடம் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அவர் ஒருமுறை செய்தால் போதும் என்று நினைத்திருந்தார். பிழை என்னுடையது.

இங்கேதான் மரபணு வேலைக்கு உண்மையான இடம் வருகிறது. நைஜீரிய நாட்டு ரகம் ஒன்றில் தேமலைத் தாங்கும் தன்மை ஒரே ஒரு மரபிடத்தில் இருப்பதைக் கண்டார்கள், அதற்கு சிஎம்டி2 என்று பெயர். அதற்கு அருகில் உள்ள டிஎன்ஏ அடையாளத்தை வைத்து, நாற்றாக இருக்கும்போதே ஓர் இலையைச் சோதித்து, எது தாங்கும் எது தாங்காது என்று பிரித்துவிடலாம். வயலில் நட்டு நோய் வருகிறதா என்று வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். அந்த எதிர்ப்பு எந்த மரபணுவோடு தொடர்புடையது என்பது 2022இல்தான் தெரியவந்தது. டிஎன்ஏவைப் படியெடுக்கும் நொதி ஒன்றில் உள்ள சின்ன மாற்றம், நச்சுயிரி தன்னைப் பெருக்கிக்கொள்வதைத் தடுக்கிறது என்று கருதுகிறார்கள். அந்த நொதியை நச்சுயிரி செடியிடமிருந்துதான் இரவல் வாங்குகிறது, இரவல் பொருள் பொருந்தாமல் போகிறது.

இதோடு ஒட்டிய ஒரு எச்சரிக்கையை எங்கள் துறையினர் எல்லோரும் நினைவில் வைக்க வேண்டும். இந்த சிஎம்டி2 ரகங்களை, செல் திரளிலிருந்து கருவை உருவாக்கும் வகைத் திசு வளர்ப்பில் போட்டால், வெளியே வரும் செடி எதிர்ப்பை இழந்துவிடுகிறது. மரபணு மாற்றிய மரவள்ளியை உருவாக்க அந்த வகையைத்தான் அதிகம் கையாள்கிறார்கள். ஒன்றைச் சேர்க்கப் போய் இன்னொன்றைத் தொலைத்த கதை. வளர்நுனி வளர்ப்பில் இந்தச் சிக்கல் இல்லை.

ஸ்ரீகாரியம் நிறுவனம் நைஜீரியாவிலிருந்து வந்த எதிர்ப்பு ரகத்தை ஸ்ரீபத்மநாபா என்ற பெயரில் தமிழ்நாட்டுக்காக வெளியிட்டது. பிறகு ஸ்ரீரக்ஷா போன்றவை வந்தன. பெரியப்பா 2023இல் கால் ஏக்கரில் எதிர்ப்பு ரகம் வைத்தார். தேமல் ஒரு செடியிலும் இல்லை. ஆனால் வியாபாரி புது ரகம் என்று தயங்கினார், பாயிண்ட் பார்த்த பிறகே எடுத்தார்.

இடையில் மாவுப்பூச்சி வந்து உலுக்கியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மரவள்ளி மாவுப்பூச்சி 2020இல் கேரளத்தில் முதலில் தென்பட்டது, அடுத்த வருடமே எங்கள் பக்கம் கொழுந்தெல்லாம் முட்டைக்கோசு போலச் சுருண்டது. பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து அனாகைரஸ் லோபெசி என்ற சிறு குளவியைக் கொண்டுவந்து 2022 மார்ச்சில் ஏத்தாப்பூரில் விட்டது. அந்தக் குளவி மாவுப்பூச்சிக்குள்ளேயே முட்டையிடும். மருந்தடிப்பதை நிறுத்துங்கள், குளவியும் செத்துவிடும் என்று நாங்கள் வீடு வீடாகச் சொல்ல வேண்டியிருந்தது.

லிட்டர் கணக்கு

சரி, இதற்கும் எரிபொருளுக்கும் என்ன தொடர்பு? ஒரு கிலோ மாவு முழுவதும் சர்க்கரையாகி, சர்க்கரை முழுவதும் நொதித்தால் 0.72 லிட்டர் எத்தனால் வரும். இது வேதியியல் உச்சம், ஆலையில் அதில் 85, 90 விழுக்காடு கிடைக்கும். பெரியப்பாவின் பழைய குச்சிக் கணக்கில் எட்டு டன், இருபத்து நான்கரை பாயிண்ட், அதாவது 1,960 கிலோ மாவு. உச்சக் கணக்கில் 1,410 லிட்டர். புதுக் குச்சியில் பதினொரு டன், இருபத்தாறு பாயிண்ட், 2,860 கிலோ மாவு. உச்சம் 2,060 லிட்டர். அதே ஏக்கர், அதே தண்ணீர், அதே உழவு. ஒரு மரபணுவும் மாற்றாமல் 650 லிட்டர் கூடுகிறது.

காட்டாமணக்கு 150 கிலோ கொட்டையில் எண்ணெயை முழுவதும் பிழிந்தாலும் ஏறக்குறைய ஐம்பத்தைந்து லிட்டர்தான், அதுவும் ஒன்றரை ஏக்கருக்கு. லிட்டருக்கு லிட்டர் பயோடீசலில் எத்தனாலைவிட ஒன்றரை மடங்கு ஆற்றல் இருக்கிறது என்பதைச் சேர்த்துக்கொண்டாலும் ஒப்பிடவே முடியாது. ஒன்று மானாவாரி மேடு, இன்னொன்று சொட்டுநீர் நிலம் என்பதையும் மறைக்கக் கூடாது. தரிசில் எண்ணெய் என்ற கனவைக் குச்சிக்கிழங்கு நிறைவேற்றாது. அதற்கு நல்ல மண்ணும் தண்ணீரும் வேண்டும்.

2018ஆம் ஆண்டு தேசிய உயிரி எரிபொருள் கொள்கை எத்தனாலுக்கான பொருள்களில் மரவள்ளியையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. பெட்ரோலில் 10 விழுக்காடு கலப்பு 2022 ஜூனில் எட்டப்பட்டது, 20 விழுக்காடு 2025இல். அந்த எத்தனால் பெரும்பாலும் கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் வருகிறது. மரவள்ளி ஏன் பின்தங்கியது என்பதற்கு விலைக் கணக்கே விடை. ஒரு டன் கிழங்கில் 160 லிட்டர் என்று வைத்தால், டன் 8,000 ரூபாய்க்கு விற்கும்போது லிட்டருக்குக் கிழங்குச் செலவு மட்டும் 50 ரூபாய். 12,000 ஆனால் 75. மக்காச்சோள எத்தனாலுக்கு 2023-24 பருவத்தில் எண்ணெய் நிறுவனங்கள் தந்த விலை லிட்டருக்கு 71.86 ரூபாய். சேகோ மில் நல்ல விலை தரும் வருடத்தில் எத்தனால் ஆலை கிழங்கை வாங்கவே முடியாது. விலை சரியும் வருடத்தில்தான் வாங்க முடியும். பெரியப்பாவுக்கு வேண்டியதும் அந்த வருடத்துக்கு ஒரு வழிதான். கிழங்கை நிலத்திலேயே விட்டு உழுதுவிட்ட வருடங்கள் எங்கள் ஊரில் உண்டு. அந்த வருடங்களில் விலைக்கு ஒரு தரை வேண்டும், எரிபொருள் அந்தத் தரையாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

தடை இன்னொன்று உண்டு. பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலம் பாய்ந்து கெட்டுவிடும். மக்காச்சோளம்போல் கிடங்கில் வைக்க முடியாது. பிடுங்கும்போது பட்ட காயத்தில் ஆக்சிஜன் வினைப்பொருள்கள் பெருகுவதே இதற்குக் காரணம். அதைக் கட்டுப்படுத்தும் மரபணுவைச் சேர்த்த சோதனைச் செடிகளில் கெடுவது பல நாட்கள் தள்ளிப்போனது. மாவைக் கூட்டவும் முயன்றிருக்கிறார்கள். மாவு உற்பத்தியை முடுக்கும் பாக்டீரிய மரபணு ஒன்றைச் சேர்த்தபோது, பசுமைக்குடிலில் கிழங்கின் எடை 2.6 மடங்குவரை போனது என்று 2006இல் ஓர் ஆய்வு வந்தது. பசுமைக்குடில் தொட்டி வேறு, பாப்பிரெட்டிப்பட்டிக் கொல்லை வேறு. இந்தியாவில் வணிகச் சாகுபடியில் உள்ள மரபணு மாற்றப் பயிர் 2002இல் அனுமதி பெற்ற பிடி பருத்தி மட்டும்தான். வெளி மரபணு சேர்க்காத மரபணுத் திருத்த வகைகளுக்கு 2022 மார்ச்சில் விதிகள் தளர்ந்தன, 2025 மேயில் இரண்டு நெல் ரகங்கள் அந்த வழியில் அறிவிக்கப்பட்டன. மரவள்ளியில் கெடுவதைத் தள்ளிப்போடும் திருத்தம் அந்த வழியில் வருமானால், அதைத்தான் நான் முதலில் கேட்பேன். மாவு கூடுவது இரண்டாவது. கெடாமல் இருந்தால் விவசாயி மில் வாசலில் காத்திருக்கும்போது விலை பேச முடியும்.

திப்பி

எங்கள் பக்கம் எரிபொருள் ஏற்கனவே இருக்கும் இடம் ஒன்று உண்டு. சேகோ மில்லில் மாவைக் கழுவி எடுத்த பிறகு மிஞ்சும் நாருக்குத் திப்பி என்று பெயர். நார் என்கிறோமே தவிர, காய்ந்த திப்பியின் எடையில் பாதிக்கு மேல் நாருக்குள் சிக்கிய மாவுதான். அந்த நாரை உடைக்கும் செல்லுலேஸ், பெக்டினேஸ் நொதிகளைக் கொடுத்தால் மாவு வெளியே வரும், பிறகு வழக்கம்போல் நொதிக்க வைக்கலாம். மில் கழிவுநீரைக் குளமாகத் தேக்கி நாற்றமெடுக்க விட்ட காலம் போய், சேலம் வட்டாரத்தில் பல மில்கள் அதைக் கலனில் அடைத்துச் சாண எரிவாயு போல எரிவாயு எடுத்து இயந்திரம் ஓட்டுகின்றன. ஜவ்வரிசியும் கிடைக்கிறது, எரிபொருளும் கிடைக்கிறது. யாருடைய உணவையும் எடுக்கவில்லை. பயிரை மேம்படுத்துவதோடு, திப்பியைத் தின்னும் நுண்ணுயிரையும் மேம்படுத்த வேண்டும் என்று நான் சொல்லி வருவது இதனால்தான்.

இப்போது பெரியப்பா கொல்லையில் கிணற்றடியில் பூச்சி நுழையாத வலை போட்ட சிறு குடில் ஒன்று இருக்கிறது. அதற்குள் சோதித்த முள்ளுவாடித் தாய்ச்செடிகளும் எதிர்ப்பு ரகச் செடிகளும் தனித்தனி வரிசையில் நிற்கின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் ரகத்தின் பெயர், சோதித்த தேதி, எந்தத் தாய் என்று எழுதிய தகரத் துண்டு. ஊரில் ஒன்பது பேர் அங்கிருந்து குச்சி வாங்கிப் போகிறார்கள். பெரியப்பா இன்னும் காசு வாங்குவதில்லை, ஆனால் குச்சி கேட்டு வருபவரிடம் ஒரு நிபந்தனை போடுகிறார். வரப்பை ஒட்டிய பழைய தேமல் செடியைப் பிடுங்கிய பிறகுதான் குச்சி. மேட்டுக்கொல்லையில் மறுபடி சாமை விளைகிறது. ஓரத்தில் நாற்பது புங்கங்கன்று வைத்திருக்கிறார், நன்றாகக் காய்க்கும் ஒரே மரத்திலிருந்து ஒட்டுக்கட்டியவை. அந்த மரம் எந்த ஊரில், யார் வீட்டுப் பின்னால் நிற்கிறது என்பதையும் தகரத்தில் எழுதச் சொன்னார்.